நின்னு ஆடு

பள்ளத்தூர்
29.9.2025

அன்பு மருமகன் அருள்பாண்டிக்கு மாமா கருத்தையா எழுதிக்கொள்வது.

எல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். நீ அயல்நாட்டில் பெரிய கோச் ஆவாய் என்று, நீ மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த காலத்திலேயே வீரணன் டீக்கடையில் வைத்துச் சொன்னேன். இந்த வருஷம் உனக்குக் கொஞ்சம் சோதனை உண்டு என்று ஆடி மாதமே சொன்னேன். என் நம்பரை நீ பிளாக் செய்வாய் என்பதைக்கூட, நீ செய்வதற்குச் சற்று முன்னால் உன் அத்தையிடம் சொன்னேன். சந்தேகம் என்றால் அவளையே கேட்டுக்கொள். போனை அடைத்துவிட்டாய், சரி. தபாலாபீசை அடைக்க உன்னால் ஆகாது. ஆகையால் இந்தக் கடிதம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

திருவிழாவுக்கு உன் பேரில் பிளக்ஸ் வைத்தது நான்தான். ‘அமெரிக்கக் கால்பந்துச் சக்கரவர்த்தி’ என்ற வாசகமும் என்னுடையதுதான். ஆனால் உன் தலையை எடுத்து, அரைக்கால் சட்டையோடு உருண்டைப் பந்தை உதைக்கிற எவனோ ஒருவன் உடம்பில் ஒட்டியது அச்சடித்த பையன் வேலை. என் மருமகன் ஆட்டத்தில் பந்து உருண்டையாக இருக்காது, இரண்டு பக்கமும் கூம்பின பப்பாளிக்காய் மாதிரி இருக்கும், அதைக் காலால் தொடுவதே அபூர்வம், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எதிராளி மேலே விழுந்து அமுக்குவான் என்று எவ்வளவோ விளக்கினேன். ‘அப்புறம் எதுக்குண்ணே கால்பந்துன்னு பேரு’ என்று கேட்டான். பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

அடுத்தது, வாராவாரம் நீ ஜெயித்ததாக நான் ஊரில் சொன்ன விஷயம். நான் போன் போட்டு ‘என்னப்பா ஆச்சு’ என்று கேட்பேன். நீ ‘முடிஞ்சிருச்சு மாமா’ என்பாய். முடிந்தது என்று ஒருவன் சொன்னால் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நம் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். தோற்றுவிட்டேன் என்று நீ ஒரு வாரமாவது சொன்னாயா? எழுபதுக்கு மூன்று என்று புள்ளி சொன்னது மட்டும் என் சொந்தச் சரக்கு. வெறும் வெற்றி என்றால் கேட்கிறவனுக்கு ருசிக்காது.

நியூஜெர்சியிலிருந்து லீவில் வந்த முகேஷ்தான் கெடுத்தான். டீக்கடையில் உன் நாலாவது வெற்றியை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது போனைத் தட்டி, நாலு ஆட்டம், நாலும் தோல்வி என்று எல்லோருக்கும் காட்டினான். அதுவாவது போகட்டும். பால் வாங்க வந்த உன் அம்மா தூக்குவாளியோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. அக்கா பால் வாங்காமலே திரும்பிப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் நீயும் என்னை அடைத்தாய்.

உன் கோபம் நியாயம்தான். ஆனால் மருமகனே, தோற்பதை மாமனிடமே மறைத்தால் மாமன் எதை நம்பி ஊரில் வாய் திறப்பான்? அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று எழுது.

இப்படிக்கு
உன் நலம் நாடும்
கருத்தையா


மேப்பிள் கிரீக் கல்லூரி, அயோவா
10.10.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கவரில் ‘தலைமைக் கோச், அமெரிக்கா’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கல்லூரிப் பெயரை மூலையில் பொடியாகப் போட்டிருந்தீர்கள். எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

நான் கோபப்பட்டது பிளக்ஸுக்காக அல்ல. அம்மா பால் வாங்காமல் திரும்பியதை அன்றே முகேஷ் எனக்குச் சொன்னான். அதற்காக.

கேட்டீர்கள், எழுதுகிறேன். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று உங்களிடம் கேட்டுக்கொள்வது வீண் என்று தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

இது சின்னக் கல்லூரி. சுற்றிலும் மக்காச்சோளக் காடு. மேல்படிப்புக்கு வந்த என்னை, கபடி ஆடினவன் என்று தெரிந்து, ஆட்டக்காரர்களின் கணுக்காலுக்குப் பட்டி சுற்றுகிற வேலைக்கு எடுத்தார்கள். பிறகு கோபுரத்தில் ஏறி ஆட்டத்தைப் படம் பிடித்தேன். பிறகு, ஓடுகிறவனை எப்படி மடக்கிச் சாய்ப்பது என்று சொல்லிக்கொடுக்கும் உதவிக் கோச். அது மட்டும் எனக்கு நன்றாக வந்தது, கபடி புண்ணியம். பத்து வருஷம் அப்படிப் போனது. போன வருஷம் தலைமைக் கோச் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள கல்லூரிக்கு மாறிப் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரச் சம்மதிக்கவில்லை. என்னை உட்கார வைத்தார்கள். நான் சக்கரவர்த்தி ஆன கதை இவ்வளவுதான்.

போனவர் எங்கள் ரகசியச் சொற்களையும் கொண்டுபோய்விட்டார். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்பதற்கு நாங்கள் களத்தில் கத்தும் வார்த்தைகள் எதிராளிகளுக்கெல்லாம் தெரிந்துபோயின. அதனால் ஒரு யோசனை செய்தேன். இடதுக்கு ‘அங்குட்டு’, வலதுக்கு ‘இங்குட்டு’. எவனுக்கும் புரியாது. பையன்கள் ஆசையாகக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஆட்டச் சூட்டில் நானே கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, நம் ஊர் வழக்கப்படி எனக்குப் பக்கமாக இருந்ததை இங்குட்டு என்றும், எட்டி இருந்ததை அங்குட்டு என்றும் கத்திவிட்டேன். பாதிப் பேர் நான் சொல்லிக்கொடுத்த பக்கம் ஓடினார்கள். மீதிப் பேர் நான் கை காட்டிய பக்கம் ஓடினார்கள். எங்கள் ஆட்களே இரண்டு பேர் நடுவில் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். ஐந்தாவது ஆட்டமும் போனது.

கல்லூரித் தலைவர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், காபி கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். இந்த சீசன் முடிவதற்குள் ஒரு ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் என்னை வைத்துக்கொள்ள முடியாது. வேலை போனால் விசாவும் போகும். இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். அவர்களாகத் தள்ளுவதற்கு முன் நானாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடலாமா என்று பார்க்கிறேன். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் இடம் காலியாக இருக்கிறதாம். வீட்டில் ரேணுகா ‘உங்க முடிவுதான்’ என்கிறாள். ஆனால் பரண்மேல் இருந்த பெட்டிகளை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள்.

அம்மாவிடம் நான் கேட்டால் ‘உன் இஷ்டம்ப்பா’ என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. உங்களிடம்தான் மனசில் இருப்பதைச் சொல்வாள். நான் இருக்கவா, வரவா என்று கேட்டு, அவள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். ஒரு எழுத்துக்கூடக் கூட்ட வேண்டாம் மாமா. அவள் சொல்வதுதான் முடிவு.

அருள்பாண்டி


பள்ளத்தூர்
21.10.2025

அன்பு மருமகனுக்கு,

உன் கடிதத்தில் இருந்த எதுவும் எனக்குப் புதிது அல்ல. எல்லாம் நான் ஊகித்து வைத்திருந்ததே. அங்குட்டு இங்குட்டு சமாச்சாரம் மட்டும்தான் ஆச்சரியம். நம் ஊரில் இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் ஒருத்தனுக்கு அங்குட்டு, இன்னொருத்தனுக்கு இங்குட்டு. இதைக் கோச் ஆனவன் யோசிக்க வேண்டாமா? நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதில் ஏழாம் வகுப்பை இரண்டு தடவை படித்ததால் கணக்குப்படி ஒன்பது என்று வை. எனக்கே இது தெரிகிறது.

நேற்று தீபாவளி. விடாத மழை. அக்கா அதிரசத்துக்கு மாவு பிசைந்து பாதியைத்தான் சுட்டாள், மீதியை மூடி வைத்துவிட்டாள். மழை விட்ட பிறகு கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது உன் நிலைமை முழுவதையும் சொன்னேன். வேலை, விசா, தலைவர் கொடுத்த காபி உட்பட. பிறகு கேட்டேன்: ‘அக்கா, அவன் இருக்கவா வரவான்னு கேக்குறான். என்ன எழுத?’

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். உன் நாடு இருக்கும் திசையை நோக்கிக் கிழக்கே திரும்பினாள். ஒருவேளை மேற்கே இருக்குமோ என்று மேற்கேயும் ஒரு தடவை திரும்பினாள். அப்புறம் சொன்னாள், மாடுகூடத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது:

‘நின்னு ஆடச் சொல்லு.’

இவ்வளவுதான். இதில் நான் ஒரு எழுத்தும் கூட்டவில்லை. நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாள் மேல் ஆணை.

அக்கா வாயில் இந்த வார்த்தை எப்படி வந்தது என்று நீ யோசிக்கலாம். வடமாடு நடக்கிற ஊரெல்லாம் மைக் பிடிக்கிறவன் அவள் தம்பி. நடுவில் நீளக் கயிற்றில் கட்டின காளை, அதைப் பிடிக்க ஒன்பது பேர். சுற்றிச் சுற்றி ஓடுகிற மாட்டை யாரும் சீந்துவதில்லை. ஒன்பது பேரும் நெருங்கி வரும்போது கால் நகராமல் நின்று, மண்ணைக் கிளறி, கை மேலே விழப்போகிற சமயம் கொம்பைத் திருப்புகிறதே, அந்த மாட்டுக்குத்தான் களமே எழுந்து நிற்கும். ‘நின்னு ஆடுது பாரு மாடு’ என்று அப்போதுதான் நான் தொண்டை கிழியக் கத்துவேன். அதையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகின வாய் அக்காவுடையது. வேறு ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் பற்றி அவளிடம் போனில் கேட்டுவிடாதே. கூச்சப்படுவாள். நான் எங்கே சொன்னேன் என்றுகூடச் சொல்லிவிடுவாள்.

இப்படிக்கு
கருத்தையா


மேப்பிள் கிரீக்
3.11.2025

மாமாவுக்கு,

சனிக்கிழமை எட்டாவது ஆட்டமும் தோற்று வீட்டுக்கு வந்தபோது உங்கள் கடிதம் மேஜையில் இருந்தது. ராஜினாமாவை எழுதி முடித்துத் தேதி மட்டும் போடாமல் வைத்திருந்தேன். அம்மா வா என்று சொல்லியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். பிரித்துப் படித்துவிட்டு ரேணுகாவிடம் நீட்டினேன். அவள் வாங்கிப் படித்துவிட்டு, ‘அத்தையா இப்படிச் சொன்னாக?’ என்று இரண்டு தடவை கேட்டாள். நான் ராஜினாமாவைக் கிழித்துப் போட்டேன்.

எங்களுக்கு ஒரு பையன் இருக்கிறான், கேலப். ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். அவனைச் சாய்க்க எதிராளிகள் பாய்ந்து வருவார்கள், எங்கள் ஆட்கள் அவனைச் சுற்றி அரண் கட்டுவார்கள். அந்த அரணுக்குள் கொஞ்ச நேரம் நின்று, தூரத்தில் ஓடுகிற நம் ஆளுக்குப் பந்தை எறிய வேண்டும். இவன் கை தங்கம். கால்தான் சனி. ஒருத்தன் நெருங்கினாலே அரணை விட்டு ஓடி மாட்டிக்கொள்வான். எட்டு வாரமாக என் ஆங்கிலம் முழுவதையும் அவனிடம் செலவழித்துப் பார்த்துவிட்டேன்.

இன்று பயிற்சிக்கு முன் பலகையில் அம்மா சொன்னதைத் தமிழிலேயே எழுதினேன். நின்னு ஆடு. அது என் அம்மா சொல்லி அனுப்பியது என்றேன். வடமாட்டையும் நீங்கள் எழுதியபடியே விளக்கினேன். கேலப் போனில் அந்த எழுத்துகளைப் படம் பிடித்து மொழிபெயர்க்கப் பார்த்திருக்கிறான். ‘நிற்கும் ஆடு’ என்று வந்ததாம். வெள்ளாடு, செம்மறியாடு, அந்த ஆடு. நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் பையன்களுக்கு ஒரே குதூகலம். இங்கே விளையாட்டுப் பிள்ளைகளிடம் ஒருத்தனை ஆடு என்று சொன்னால், இதுவரை ஆடினவர்களில் இவன்தான் உச்சம் என்று அர்த்தம். கோச்சின் அம்மா எங்களை ஆடு என்று சொல்லியிருக்கிறார் என்று மைதானம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் திருத்தவில்லை.

அங்குட்டுக்கும் வழி செய்தாயிற்று. எல்லோரும் இடது மணிக்கட்டுப் பட்டியில் அ என்றும் வலது மணிக்கட்டில் இ என்றும் எழுதிக்கொள்கிறார்கள். நான் கத்தக் கூடாது என்றும் முடிவாகியிருக்கிறது.

இன்னும் இரண்டு ஆட்டம். அம்மாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அருள்பாண்டி


மேப்பிள் கிரீக்
17.11.2025

மாமா,

ஜெயித்துவிட்டோம்.

முந்தின வாரம் நூலிழையில் போனது. கடைசி ஆட்டம் பழைய கோச் மாறிப் போன அதே கல்லூரியோடு. வந்ததும் என் தோளைத் தட்டி, அடுத்து என்ன செய்வதாக உத்தேசம் என்று விசாரித்தார். அக்கறையாகத்தான் கேட்டார்.

முடிவதற்கு ஒரு நிமிஷம்கூட இல்லாதபோது நான்கு புள்ளி பின்னால் இருந்தோம். பந்து கேலப் கையில். அரண் இடது பக்கம் உடைந்தது. என்னை விட இரண்டு மடங்கு உள்ள ஒருத்தன் அவனை நோக்கி வருகிறான். கேலபின் இடது கால் மெல்லக் கிளம்புவதைப் பார்த்தேன். அந்தக் கால் எனக்குப் பத்து வாரப் பழக்கம். எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடினேன். எங்கள் பக்கம் மொத்தமும் ‘நின்னூ, நின்னூ’ என்று கத்தியது கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவன் நின்றுகொண்டிருந்தான். அந்த மலை அவன் மேல் விழுவதற்கு ஒரு மூச்சு முன்னால் பந்து கையை விட்டுப் போயிருந்தது. கடைசிக் கோட்டுக்கு அப்பால், மூலையில், எங்கள் ஒல்லிப் பையன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். பிறகு உதைத்ததையும் சேர்த்து ஏழு புள்ளி.

கீழே கிடந்த கேலபைத் தூக்கிவிடப் போனேன். பல் முழுக்கப் புல். ‘அம்மாவிடம் சொல்லுங்கள், நின்றேன்’ என்றான்.

தலைவர் இன்று காலை கூப்பிட்டார். மறுபடி காபி. இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. ஒன்பது தோல்வியும் ஒரு வெற்றியும் சேர்ந்தால் சக்கரவர்த்தி இல்லை, தெரியும். ஆனால் மாமா, பல மாதங்களுக்குப் பிறகு நேற்று நான் முழு வயிறு சாப்பிட்டேன். ரேணுகா பெட்டிகளைப் பரண்மேல் ஏற்றினாள். ஒன்றை மட்டும் கீழே வைத்திருக்கிறாள். வைகாசியில் எல்லோரும் ஊருக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று.

பையன்கள் பனியன் அடித்திருக்கிறார்கள். ஒரு கட்டு அனுப்புகிறேன். அம்மாவுக்கு உங்கள் கையாலேயே கொடுங்கள். வாங்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் இதைக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

அருள்பாண்டி


பள்ளத்தூர்
11.12.2025

அன்பு மருமகனுக்கு,

நீ கடைசி ஆட்டத்தில்தான் ஜெயிப்பாய் என்று எனக்குத் தெரியும். முதலிலேயே சொன்னால் உன் உழைப்பு குறைந்துவிடும் என்று சொல்லவில்லை.

செய்தியை முகேஷ் நியூஜெர்சியிலிருந்து போனில் சொன்னான். நான் சட்டைகூடப் போடாமல் டீக்கடைக்கு ஓடி, மருமகன் ஜெயித்துவிட்டான் என்றேன். வீரணன் தலை நிமிராமல், ‘எழுபதுக்கு மூணாண்ணே?’ என்று கேட்டான். இல்லை, மூன்று புள்ளி வித்தியாசம்தான் என்று என் வாழ்நாளில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒருத்தனும் நம்பவில்லை. முகேஷை ஸ்பீக்கரில் போட்டு அவன் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் எனக்கு டீ வந்தது.

பனியன் கட்டு நேற்று வந்தது. கடையில் வைத்தே பிரித்தேன், நாலு பேர் பார்க்க வேண்டும் அல்லவா. நெஞ்சில் தமிழில் ‘நின்னு ஆடு’. அடியில் கொம்பும் தாடியுமாக ஒரு வெள்ளாட்டுப் படம். அதற்கும் அடியில் ‘அன்னக்கிளி’ என்று உன் அம்மா பெயர். அந்த நேரம் பார்த்து அக்கா தூக்குவாளியோடு வந்தாள். ஒன்றை எடுத்து விரித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். தன் பெயரில் விரலை வைத்துப் பார்த்தாள்.

‘ஏன்டா கருத்து, இது யாரு சொன்னது?’

நான் கூரையைப் பார்த்தேன். வீரணன்தான் சொன்னான்: ‘நீக சொன்னதுதானாம்லக்கா. நீக சொல்லித்தான் மாப்ள அங்க ஜெயிச்சாராம்.’

அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு வேர்த்துவிட்டது, இந்த மார்கழிக் குளிரில். (மார்கழி பிறக்க இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது, ஆனாலும் குளிர்தான்.) பிறகு பனியனை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

‘ஆமா, நாந்தான் சொன்னேன். எம்புள்ளைக்கு வேற என்னத்தச் சொல்லுவாக?’

தூக்குவாளி நிறையப் பால் வாங்கிக்கொண்டு போனாள். முகம் எப்படி இருந்தது என்று கேட்டாயே, அந்தப் பால் மாதிரி இருந்தது. இன்று காலை அந்தப் பனியனைச் சேலை ஜாக்கெட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். தெருவில் போகிறவர்களிடமெல்லாம், தீபாவளி அன்றைக்குத் தான் என்ன நினைத்தாள், எப்படிச் சொல்லி அனுப்பினாள் என்று விவரமாகச் சொல்கிறாள். என்னை விட நன்றாகவே சொல்கிறாள். மைக்கைக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைக்கிறேன்.

உன் வேலை உறுதியாகிவிட்டது. டிக்கெட்டும் போட்டாயிற்று. ஆகவே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

கண்ணாத்தாள் மேல் நான் செய்த சத்தியம் பொய் இல்லை. ஒரு எழுத்தும் கூட்டவில்லை என்றுதான் சத்தியம் செய்தேன், கூட்டவும் இல்லை. ஆனால் தீபாவளி அன்று அக்கா வாளியைக் கீழே வைக்கவில்லை. எந்தத் திசையும் திரும்பவில்லை. குனிந்த தலை நிமிராமல், மாட்டைப் பார்த்துக்கொண்டே இரண்டு வார்த்தை சொன்னாள். அதை அப்படியே எழுதியிருந்தால் நீ மறுநாளே கிளம்பி வந்திருப்பாய். வந்து, ஓடி வந்த மாடு நான் என்று உன் மனசுக்குள்ளேயே ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பாய். எனக்கு மனசு கேட்கவில்லை.

அக்கா அன்றைக்குச் சொன்னது, ‘வந்துரச் சொல்லு.’

அதில் ‘சொல்லு’ மட்டும் நான் மாற்றவில்லை.

இப்படிக்கு
உன் மாமன்
கருத்தையா